செருப்பை வெளியே விடவும்

பாளையங்கோட்டையில் சின்ன வெட்டு, அடி, காய்ச்சல் என்றால் எந்தக் கிளினிக்குக்குப் போகலாம் என்று எங்கள் தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். "அக்கா, நீங்கதான் எல்லா எடமும் ஏறி எறங்கியிருக்கீய. எங்கன நல்லாப் பாக்காவ?" என்று கேட்பார்கள். ஏறி இறங்கியது உண்மைதான். கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை எனக்கு. கையிலிருந்த லீவு முழுக்கக் கிளினிக் பெஞ்சில்தான் கரைந்தது. ஆனால் கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வாய் வருவதில்லை. "பெறவு சொல்லுதேன் தாயி" என்று கதவை ஒருக்களித்துச் சாத்திவிடுவேன். காலையில் எழுந்திருக்கும்போதே எனக்கு அலுப்பாக இருக்கிறது. இந்தக் கதையைத் திரும்ப ஒரு தடவை சொல்வதற்கு அலுப்பு, சொல்லாமல் விழுங்குவதற்கு அதைவிட அலுப்பு.

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வந்து பதினைந்து வருடம் ஆகிறது. பாதத்தில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு நாள் கருவேல முள் ஏறி அது பாதி ஒடிந்து நிற்கிறது, மனுஷன் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். சர்க்கரை டாக்டர் அன்றைக்கே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சார், இனிமே ஒரு அடிகூட வெறுங்காலோட வைக்கக் கூடாது. வீட்டுக்குள்ளயும்தான்." மெத்தென்று அடிப்பாகம் உள்ள, பின்னால் வார் வைத்த கறுப்புச் செருப்பு ஒன்றை எழுதியும் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் அது லேசில் நடக்கிற காரியமா? சைவ வீடு. செருப்பு என்பது வாசல்படியைத் தாண்டி வந்ததே கிடையாது. மூன்று நாள் சண்டை போட்டேன். "அடுப்படிக்குச் செருப்போட வந்தீயன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றேன். அம்மா போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது, இருந்தாலும் அப்படித்தான் சொன்னேன். கடைசியில் வீட்டுக்குள் போட மட்டும் என்று இன்னொரு ஜோடி வாங்கினோம். பூசை அறைக்குள் அவர் வருவதில்லை. வாசலில் நின்று கும்பிடுவார், நான் போய்த் திருநீறு பூசிவிடுவேன். இரண்டு வருடமாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அவர் சொன்ன சொல் கேட்கிற மனுஷன். பிரச்சினையே அதுதான்.

ஒரு சனிக்கிழமை காலை, சட்னிக்குத் தேங்காய் உடைத்துத் தாருங்கள் என்று நான்தான் சொன்னேன். அரிவாள் நழுவி இடது கைக் கட்டைவிரலுக்குக் கீழே இறங்கிவிட்டது. நான் மஞ்சள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "ஏட்டி, கொழம்பா வைக்கே? டாக்டர்ட்ட போவோம்" என்றார். ரத்தம் சொட்டச் சொட்ட அப்படிக் கிண்டல் செய்கிற ஆள்.

நாலு தெரு தள்ளி ஒரு பழைய டாக்டர். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே அறை, அதே மரப் பெஞ்சு. வாசல் படிக்கு முன்னால் செருப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். அந்தக் குவியலைப் பார்த்தே உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுவிடலாம். படிக்கு மேலே நீல பெயிண்டில் எழுதியிருக்கும்: செருப்பை வெளியே விடவும். எழுதியிருக்காவிட்டாலும் யாரும் போட்டுக்கொண்டு போக மாட்டார்கள். டாக்டர் அறைக்குள் செருப்போடு போவதற்கு எங்கள் ஊரில் ஒருவருக்கும் கால் வராது.

அவர் படியில் தயங்கி நின்றார். "கழத்தக் கூடாதுன்னு சுகர் டாக்டர் சொன்னாரே?"

"அது வீட்டுக்கு. இது டாக்டர் இருக்க எடம். எல்லாரும் கழத்திப் போட்டுட்டு உக்காந்திருக்காவ, நீங்க மட்டும் செருப்போட போனா என்ன நெனைப்பாவ? கழத்துங்க" என்றேன்.

ஒரு கையில் துணியைச் சுற்றிப் பிடித்திருந்ததால் அவரால் வாரைக் கழற்ற முடியவில்லை. நான்தான் குனிந்து கழற்றிவிட்டேன். இதை மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு இப்போதும் மனசு வராது. முகத்தைப் பார்த்துப் பேசுவார். "என்ன சார்வாள், தேங்காயோட மல்லுக்கு நின்னீயளா?" என்று தோளில் கையை வைத்தபோதே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. இரண்டு தையல் போட்டார். பிறகு மூலையிலிருந்த ஊசி மேசைக்குப் போகச் சொன்னார். அங்கே இருபது வருடமாக வேலை பார்க்கிற அம்மா, ஊசி மருந்துக் குப்பியின் கழுத்தைப் பஞ்சை வைத்து டக்கென்று ஒடித்து, மேசைக்கு அடியிலிருந்த வாளிப் பக்கமாக வீசினார். வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் அப்படித்தான் டக் டக்கென்று ஒடித்துக்கொண்டிருந்தார். சொன்னால் சொன்னபடி, பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். "பாத்தீயளா, இதுக்குத்தான் பழைய டாக்டர் வேணுங்கிறது" என்று ஆட்டோவில் ஏறும்வரை பெருமை பேசினேன்.

மறுநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ரத்தப் புள்ளி ஒன்று கிடந்தது. கட்டைவிரலிலிருந்து சொட்டியது என்று நினைத்தேன். "கையத் தொங்கப் போடாதீய, தரையெல்லாம் வடியுது பாருங்க" என்று சத்தம் போட்டேன். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டே நடந்தார். அதற்கடுத்த நாளும் புள்ளி. துடைத்தேன், திட்டினேன். கட்டு மாற்றப் போனபோது விரலில் கட்டு காய்ந்துதான் இருந்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோர்ட்டில் அன்றைக்கு அடிக்க வேண்டிய பக்கங்கள்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

ஆறாம் நாள் காய்ச்சல். பக்கத்து வீட்டுக்காரி, "இன்னுமா அந்தப் பழைய டாக்டரு? வண்ணார்பேட்டைப் பக்கம் புதுசா ஒண்ணு தொறந்திருக்காவ. ஏசி, கண்ணாடிக் கதவு, உள்ள போனாலே நோய் ஓடிரும்" என்றாள். போனோம். அங்கேயும் செருப்பு வெளியேதான், ஆனால் குவியல் கிடையாது. நம்பர் போட்ட அலமாரி. நம்பர் பதினேழில் அவர் செருப்பை நான் வைத்தேன். எவ்வளவு நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உயரம், எடை, பிரஷர் எல்லாம் கேட்டுப் பதிந்துகொண்டாள். பிறகு, "சார், உங்க வலி ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவு சொல்லுவீங்க?" என்றாள்.

"ஜீரோம்மா" என்றார் அவர்.

"சார், ஒண்ணுலேர்ந்துதான் ஆரம்பம்."

"வலியே இல்லயே, பின்ன எப்படி ஒண்ணு போடுறது? ஜீரோவும் ஒரு நம்பர்தாம்மா." கணக்கு வாத்தியார் விடுவாரா? அவள் சிரித்துக்கொண்டே ஜீரோ என்று போட்டுக்கொண்டாள்.

உள்ளே ஒரு இளம் டாக்டர். மரியாதையான பையன், திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். தையலைப் பார்த்தார், நன்றாக ஆறியிருக்கிறது என்றார். தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். சுகர் ஏறியிருக்கிறது, வைரல் காய்ச்சல் மாதிரி தெரிகிறது, மாத்திரையைக் கூட்டுகிறேன் என்றார். அவர் எந்த இடத்தில் தவறு செய்தார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கேட்டதற்கெல்லாம் நாங்கள் பதில் சொன்னோம், அவர் கேட்காததை நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் வெளியே வரும்போது, மாப்பு வைத்திருந்த ஒரு அம்மா எங்கள் பின்னாலேயே தரையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அடடா, என்ன சுத்தம் என்று நான் வாயைப் பிளந்தேன். வெள்ளைத் தரையில் என் வீட்டுக்காரர் கால் வைத்த இடமெல்லாம் அவர் துடைத்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் உறைத்தது. திரும்பி அந்தத் தரையை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும், ரத்தம் தெரிந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏரலில் என் தங்கை வீட்டில் காதுகுத்து. காய்ச்சல் இறங்கின மாதிரி இருந்தது, வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். பஸ்ஸில் குனிந்து செருப்பு வாரைத் தளர்த்திக்கொண்டார். "இறுக்குதுட்டி. செருப்பு சின்னதாயிட்டு போல" என்றார். செருப்பு எப்படிச் சின்னதாகும், கால்தானே வீங்கும் என்று என் மரமண்டைக்கு ஏறவில்லை. பந்தியில் பாதிச் சாப்பாட்டில் அவருக்குக் காய்ச்சல் திரும்ப ஏறிக் குளிர் தூக்கிப் போட்டது. தங்கை வீட்டுக்காரர் ஆட்டோவைக் கூப்பிட்டு, ஆற்றுக்குப் போகிற ரோட்டில் இருந்த சின்னக் கிளினிக்கில் எங்களைக் கொண்டுபோய் விட்டார். ரெண்டே அறை, தகரக் கொட்டகை. டாக்டர் சாயங்காலம்தான் வருவாராம். ஒரு நர்ஸ் மட்டும் இருந்தார். என் வயசுதான் இருக்கும், தெருவுக்கே கேட்கிற குரல்.

இவர் படியில் நின்று பழக்கத்தில் வாருக்குக் குனிந்தார்.

"அண்ணாச்சி, கழத்தாதீய! அந்தச் செருப்பப் பாத்தாலே தெரியுது, சுகருதானே? அப்படியே உள்ள வாங்க" என்று உள்ளிருந்தே சத்தம் போட்டார் அந்த நர்ஸ்.

"உள்ள எப்படிம்மா..." என்று இழுத்தார் இவர்.

"தரைய நான் தொடச்சிக்கிடுவேன். வந்து இங்கன உக்காருங்க."

காய்ச்சல் என்று வந்த மனுஷனுக்கு நெற்றியில் கை வைக்கவில்லை அவர். தரையில் உட்கார்ந்து, வாரைக் கழற்றி, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் அந்த வாடை எனக்கு வந்தது. பெருவிரலுக்குக் கீழே துவரம்பருப்பு அளவுக்கு ஒரு ஓட்டை. சுற்றிலும் தோல் கறுத்துப் போயிருந்தது.

"இத எப்பப் பாத்தீய?"

"பாக்கலியே" என்றேன்.

"தெனம் பாக்கணும்லா தாயி" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை.

உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, இடுக்கியால் பைய எதையோ பிடித்து இழுத்தார். என் வீட்டுக்காரர் சன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பஞ்சின்மேல் வைத்துக் காட்டினார் நர்ஸ். வளைந்த கண்ணாடிச் சில்லு, நகக்கண் அளவு. ஓரத்தில் நீலமாக ஒரு கோடு.

"ஊசி மருந்துக் குப்பியோட கழுத்து இது. இந்த நீல வளையத்துலதான் ஒடிப்போம். ஏதோ ஆசுபத்திரிலதான் மிதிச்சிருக்கீய அண்ணாச்சி. எங்கன செருப்பக் கழத்துனீய?"

எனக்கு அந்த மூலை மேசை கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. டக் டக்கென்ற சத்தமும் கேட்டது. சொல்ல வாயைத் திறந்தேன்.

"வீட்டுலதான் மிதிச்சிருப்பேன்மா. ஞாபகம் இல்லாம வெறுங்காலோட நடந்திருப்பேன்" என்றார் அவர்.

"வீட்டுல ஏது அண்ணாச்சி ஊசிக் குப்பி?"

"இருக்கும்மா, எப்பவாவது." முப்பது வருடம் பிள்ளைகளுக்கு அரை மார்க்கூடச் சும்மா போடாத மனுஷன், கூசாமல் பொய் சொன்னார். நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள் என்று அனுப்பினார். போனோம். பெருவிரலை எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் பாதம் போகும், பிறகு முழங்கால் என்று விளக்கினார்கள். அவர் அதையும் கணக்கு மாதிரிக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

பதினெட்டு நாள் இருந்தோம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் அவரைத்தான் கடிந்தார்கள். "படிச்சவருதானே, வீட்டுக்குள்ள வெறுங்காலோட நடக்கலாமா? பாவம், அவ எத்தனன்னுதான் பாப்பா?" என்பார்கள். "ஆமா, என் கூறுகெட்டத்தனந்தான்" என்று அவர் ஒவ்வொருவரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வார். நான் பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுப்பேன். பதினெட்டு நாளும் ஊற்றினேன். அப்படிக் காப்பி ஊற்றியதைப் போல ஒரு நாறப் பிழைப்பு வேறு இல்லை.

எல்லாரும் போன ஒரு மத்தியானம் கேட்டேன். "ஏன் வீட்டுலன்னு சொன்னீய?"

"பின்ன என்ன சொல்லச் சொல்லுத? நீ கழத்தச் சொன்னேன்னு சொன்னா போன வெரல் வந்து ஒட்டிக்கிடுமா?"

"ஏசவாவது செய்யுங்களேன்."

"ஏசி என்னட்டி செய்ய? பசிக்கு, சோத்தப் போடு" என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கட்டு மாற்றினோம். இப்போது தினமும் காலையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அவர் பாதத்தை அதன்மேல் காட்டச் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்பது விரலையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பேன். மிச்சத்தைக் காப்பாற்றுவது உங்கள் கையில்தான் இருக்கிறது என்று சர்க்கரை டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். அவருக்கும் வீட்டில் மிதித்தது என்றுதான் தெரியும்.

போன மாதம் அவருக்குச் சளி பிடித்து நாலு நாளாக இருமல். "பழைய டாக்டரப் பாப்போம்ட்டி, அவரு மொகத்தப் பாத்து நாளாச்சு" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன காரணம் இருக்கிறது? வெளியே சொன்ன காரணம் எதுவும் இல்லையே. போனோம்.

அதே குவியல், அதே நீல எழுத்து. பெஞ்சு நிறைய ஆள். நான் என் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பினால், அவர் படியில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து வாரைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். விரல் போன பிறகு குனிந்தால் அவருக்கு நிலை தடுமாறும், ஆடிக்கொண்டே கழற்றுகிறார்.

"என்ன செய்யுதீய? போடுங்க!"

"எல்லாரும் பாக்காவட்டி."

வாரைத் திரும்ப மாட்டிவிட்டு, கையைப் பிடித்துப் படியேற்றினேன். ஊசி போடுகிற அம்மா மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். "சார்வாள், செருப்பு..." என்று போர்டைப் பக்குவமாகக் காட்டினார். பெஞ்சிலிருந்த ஒரு பெண், "டாக்டர் இருக்க எடம்லா, என்ன நெனைப்பாவ?" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

அது என் வார்த்தை. அப்படியே என் வார்த்தை.

"நானும் அப்படித்தான்மா சொன்னேன்!" என்று கத்தினேன். "இதே படியில இவரு செருப்ப நாந்தான் கழத்துனேன். மாட்டேன்னாரு, நாந்தான் என் கையால கழத்துனேன். அந்த மேசைக்கு அடியில கெடந்த குப்பிக் கண்ணாடி இவரு கால்ல ஏறிட்டு. பெருவெரல் போச்சு. வீட்டுல மிதிச்சாரு வீட்டுல மிதிச்சாருன்னு ஊரெல்லாம் இவர ஏசுச்சு, நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். இவரு செருப்போடதான் வருவாரு. யாரு என்ன வேணா நெனைச்சுக்கிடுங்க!"

டாக்டர் உள்ளறையிலிருந்து எழுந்து வந்தார். வெறுங்கால். அவரும் தினமும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார் என்பது இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. அவர் நேராக மேசைப் பக்கம் போய், முழங்காலிட்டு, வாளியைச் சுற்றித் தரையை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார்.

"டாக்டர், கையால தடவாதீய, ஏறிரும்!" என்று மறுபடியும் கத்திவிட்டேன். அழுகை வந்துவிட்டது. யாரைப் பார்த்து அழுகிறேன் என்றே தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் என் முதுகில் கையை வைத்தார். "பைய பேசுட்டி. வீட்டுலன்னு எல்லார்ட்டயும் நான் சொல்லி வச்சிருந்தேன்லா" என்றார். நான் அதைக் கெடுத்துவிட்டது போலச் சொன்னார்.

"வெரலையும் குடுத்துட்டுப் பழியையும் நீங்க சொமந்தது போதும்" என்றேன்.

பெஞ்சில் இடம் விட்டார்கள். அவர் செருப்புக் காலோடு மெதுவாக நடந்து போய், பாதத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கூச்சத்தோடு உட்கார்ந்தார்.